மால்டாவில் எங்கே சாப்பிடலாம்? அன்றும் இன்றும்

அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் மால்டாவின் கிராமத்துப் பெண்கள் பூசைக்குக் கிளம்பும்போது கையில் ஜெபமாலையோடு ஒரு தகரத் தட்டும் இருக்கும். அடியில் உருளைக்கிழங்கு வில்லைகள், மேலே ஒரு துண்டு இறைச்சி. கொஞ்சம் வசதியான வீடு என்றால், அல்லது அன்று திருவிழா என்றால், டிம்பானா: மக்ரோனியை இறைச்சிக் குழம்பில் புரட்டி மேலே மாவுப் போர்வை போர்த்திய பண்டம். ஊர் ரொட்டிக்கடையில் விடிகாலை ரொட்டி எல்லாம் எடுத்து முடிந்திருக்கும். அடுப்பில் மிச்சமிருக்கும் சூட்டில் ஊரார் தட்டுகள் வரிசையாக உள்ளே போகும். எது யாருடையது என்று தெரிய ஒவ்வொன்றிலும் ஓர் அடையாளம். பூசை முடிந்து வரும் வழியில் ரொட்டிக்காரருக்குச் சில்லறை கொடுத்துவிட்டு, வெந்த தட்டைத் துணியில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப்போவார்கள்.

இதற்குக் காரணம் விறகுப் பஞ்சம். மத்தியதரைக் கடலில் சிசிலிக்குத் தெற்கே கிடக்கும் இந்தச் சுண்ணாம்புக்கல் தீவுக்கூட்டம் மொத்தமே 316 சதுர கிலோமீட்டர்; அதில் காடு என்று சொல்ல ஒன்றுமில்லை. வீட்டில் இருந்தது கெனூர் என்ற சிறிய கல்லடுப்பு. இரண்டு சுள்ளி வைத்தால் மணிக்கணக்கில் மெல்லக் கொதிக்கும். அதனால்தான் மால்டா வீட்டுச் சமையலில் வறுவலைவிடக் குழம்பும் சூப்பும் அதிகம். பூண்டு தூக்கலான மீன் சூப், காய்கறியும் முட்டையும் சிறு பாலாடைக்கட்டி உருண்டையும் போட்ட ‘விதவை சூப்’, மெல்லிய மாட்டிறைச்சித் துண்டில் பூரணம் வைத்துச் சுருட்டி வேகவைத்த பிரஜொலி, எல்லாமே அந்த அடுப்பின் பிள்ளைகள்.

அன்று வெளியே போய்ச் சாப்பிடுவது உள்ளூர்க் குடும்பங்களின் வழக்கமே இல்லை. அது தீவை ஆண்ட பிரிட்டிஷாரின் கப்பற்படைக்காரர்கள் வேலை. தலைநகர் வல்லெட்டாவில் ஸ்ட்ரெய்ட் ஸ்ட்ரீட் என்று ஒரு சந்து. இரண்டு பக்கச் சுவரையும் கை நீட்டித் தொட்டுவிடலாம் போன்ற அகலம். பிரிட்டிஷ் மாலுமிகள் குடித்து, ஆடி, முட்டையும் உருளைக்கிழங்கு வறுவலும் தின்றுவிட்டுக் கப்பலுக்குத் திரும்பும் இடம். அங்கே போய் நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தால் உள்ளூர்க்காரர் சிரித்திருப்பார். நல்ல சாப்பாடு வீட்டில் இருந்தது. வீட்டுக்கு யாரும் உங்களைக் கூப்பிட மாட்டார்கள், அவ்வளவுதான்.

அந்த வீட்டுச் சாப்பாட்டிலும் பெரும் பங்கு ரொட்டிதான். புளித்த மாவில் செய்து கல்லடுப்பில் சுட்ட ரொட்டி, வெளியே கருகலான மொறுமொறுப்பு, உள்ளே பெரிய பெரிய ஓட்டை. தடியாக வெட்டி, தக்காளியைப் பிழிந்து தேய்த்தோ குன்செர்வா என்ற தக்காளி விழுதைப் பூசியோ, ஆலிவ் எண்ணெய் விட்டு, ஆலிவ், கேப்பர் மொட்டு, சூரை மீன் வைத்தால் அதுதான் ‘ஹொப்ஸ் பிஸ்ஸெய்ட்’. வயலுக்கும் துறைமுகத்துக்கும் போனவர்களின் மதியச் சாப்பாடு. ரொட்டி இங்கே எவ்வளவு பெரிய விஷயம் என்றால், முதல் உலகப்போர் முடிந்ததும் மாவும் ரொட்டியும் விலையேறியபோது 1919 ஜூன் 7 அன்று வல்லெட்டாவில் கலவரம் வெடித்தது. பிரிட்டிஷ் சிப்பாய்களின் கையால் நான்கு பேர் இறந்தார்கள். இன்று அது மால்டாவின் தேசிய நாட்களில் ஒன்று.

பால் கதை இன்னும் விசித்திரம். பால்காரர் ஆட்டு மந்தையையே தெருவுக்கு ஓட்டி வருவார். வாசலில் நிறுத்தி, வீட்டுக்காரி கொடுக்கும் பாத்திரத்தில் கண்ணெதிரே கறந்து கொடுப்பார். கலப்படத்துக்கு இடமே இல்லை. அதைவிடச் சுத்தமான பால் எங்கும் கிடைக்காது என்று எல்லோரும் நம்பினார்கள். ஆனால் தீவில் ஒரு காய்ச்சல் வாரக்கணக்கில் ஆளைப் போட்டு உருக்கியது. மால்டா காய்ச்சல் என்றே அதற்குப் பெயர். 1887-இல் டேவிட் புரூஸ் என்ற பிரிட்டிஷ் படை மருத்துவர் கிருமியைக் கண்டுபிடித்தார். அது எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் புரியவில்லை. 1905-இல் தெமிஸ்டாக்ளிஸ் ஸமிட் என்ற மால்டா மருத்துவர்தான் நோயே இல்லாதது போலத் தெரிந்த ஆடுகளின் ரத்தத்தைச் சோதித்துக் குற்றவாளி ஆட்டுப்பால்தான் என்று நிறுவினார். அடுத்த ஆண்டு படைவீரர்களுக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டது; அவர்களிடையே காய்ச்சல் சட்டென்று இறங்கியது. ஊராருக்குப் பதப்படுத்திய பால் நிலையம் வர 1938 ஆயிற்று. அந்தக் காலத்துச் சாப்பாடு எல்லாமே அமிர்தம் என்று பெருமூச்சு விடுகிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லிவைப்பது நல்லது.

பிறகு இரண்டாம் உலகப்போர் வந்தது. இத்தாலியும் ஜெர்மனியும் தீவை முற்றுகையிட்டுக் குண்டு வீசிய 1942-இல் ரொட்டிகூட அளவு வைத்துத்தான், ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 300 கிராம். அரசு ‘வெற்றிச் சமையலறை’ என்று பொதுக் கஞ்சித்தொட்டிகளைத் திறந்தது. எரிபொருளையும் உணவையும் மிச்சப்படுத்த அதை விட்டால் வேறு வழியில்லை. ஆனால் அங்கே ஊற்றிய நீர்த்த ஆட்டுக் குழம்பை ஜனங்கள் திட்டாத நாளில்லை. அந்த ஆகஸ்டில் தீவுக்குக் கிளம்பிய 14 சரக்குக் கப்பல்களில் 5 தான் வந்து சேர்ந்தன. கடைசியாக, உடைந்த நிலையில் இரண்டு போர்க்கப்பல்கள் பக்கவாட்டில் அணைத்துப் பிடிக்க, எண்ணெய்க் கப்பல் ஒஹாயோ 15-ஆம் தேதி துறைமுகத்துக்குள் நுழைந்தது. அன்று மாதாவின் விண்ணேற்புத் திருநாள். அதனால் இன்றும் அதை ‘சாந்தா மரியா’ கப்பல் அணி என்றே சொல்கிறார்கள்.

இப்படிப் பசித்த ஊர் 1964-இல் விடுதலை பெற்று, 1979 மார்ச் 31-இல் கடைசி பிரிட்டிஷ் படையையும் வழியனுப்பியது. படை போனதும் ஸ்ட்ரெய்ட் ஸ்ட்ரீட்டில் கதவுகள் மூடின. அதற்குள் கடற்கரையில் ஹோட்டல்கள் எழும்பிவிட்டன. வந்தவர்களில் பெரும்பாலோர் பிரிட்டிஷ் குடும்பங்கள். அவர்களுக்குப் பழகியது பொரித்த மீனும் வறுவலும், இல்லையென்றால் இத்தாலிய பாஸ்தா. ஹோட்டல்காரர்களும் அதையே போட்டார்கள். முயல் குழம்பும் ரொட்டியும் ஏழை வீட்டுச் சமாச்சாரம், விருந்தாளிக்குக் காட்டக் கூச்சம். நல்ல சமையல் வீட்டுக்குள்ளேயே ஒளிந்திருந்த இந்தக் காலத்தில்தான் ‘மால்டாவில் சாப்பாடு சுமார்’ என்ற பேச்சு வெளியே கிளம்பியது. என் கணக்கில் அந்தப் பழி சமையல்காரிகள் மேல் போட வேண்டியது அல்ல, மெனு அட்டை அடித்தவர்கள் மேல்.

இன்று நிலவரம் தலைகீழ். ஐந்தரை லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழும் நாட்டுக்கு 2024-இல் 35 லட்சத்துக்கு மேல் சுற்றுலாப் பயணிகள். 2020-இல் மிஷெலின் வழிகாட்டி முதல் முறையாகத் தீவுக்கு வந்து மூன்று உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுத்தது. 2024-இல் வல்லெட்டா துறைமுகத்தைப் பார்த்திருக்கும் அயான் ஹார்பர் இரண்டு நட்சத்திரம் வாங்கியது. கூச்சப்பட்ட பண்டங்கள் எல்லாம் இப்போது வெள்ளைத் தட்டில், நடுவில் ஒரு கரண்டி அளவு. 1861-இல் இரும்புத் தூண்கள் வைத்துக் கட்டிய வல்லெட்டா சந்தையில் ஒரு காலத்தில் பெண்கள் மீனும் இறைச்சியும் பேரம் பேசினார்கள். 2018-இல் அதைப் புதுப்பித்து உணவுக்கூடமாகத் திறந்தார்கள். சமைக்க வாங்கிய இடம் சமைத்ததை வாங்கும் இடமாகிவிட்டது. ஸ்ட்ரெய்ட் ஸ்ட்ரீட்டிலும் விளக்கு எரிகிறது. மாலுமிகளுக்குப் பதில் ஒயின் கோப்பையோடு பயணிகள்.

பரிமாறும் கையும் மாறிவிட்டது. 1878-இல் ரஷ்யாவை மிரட்ட பிரிட்டன் மால்டாவுக்கு அனுப்பிய இந்தியப் படையில் மதராஸ் சாப்பர்கள் என்ற பொறியாளர் படையினரும் இருந்தார்கள். சில மாதங்களில் திரும்பிவிட்டார்கள். இப்போது போகிற இந்தியர்கள் சம்பளத்துக்குப் போகிறவர்கள். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே வாழும் வெளிநாட்டவரில் முன்வரிசையில் இந்தியர்கள். உணவகச் சமையலறையிலும், முதுகில் பெட்டியோடு ஸ்கூட்டரில் சாப்பாடு கொண்டுபோவதிலும் நம்மவர்கள் பலர். மால்டாக்காரர் வீட்டு வாசலில் ஒரு காலத்தில் ஆட்டின் கழுத்து மணி ஒலித்தது. இப்போது வாசல் மணியைப் பஞ்சாபிலிருந்தோ கேரளாவிலிருந்தோ வந்த ஒரு பையன் அடிக்கிறான்.

சரி, எங்கே சாப்பிடுவது?

முதலில் தெருக்கடை. மாறவே மாறாதது பஸ்திட்ஸி. மாவை மேசை முழுக்கக் காகிதம் போல இழுத்து, கொழுப்புத் தடவிச் சுருட்டி, கயிறாக்கி, துண்டு கிள்ளி, கட்டைவிரலால் குழித்துப் பூரணம் வைப்பார்கள். ரிக்கோட்டா பாலாடை வைத்தது நடுவில் மடிப்பு, பட்டாணி வைத்தது ஓரத்தில் மடிப்பு. பார்த்ததும் எது எது என்று தெரியும். பட்டாணிப் பூரணத்தில் கறி பவுடர் போடுவது வழக்கம், பிரிட்டிஷார் விட்டுப்போன எச்சம். ரபாத் ஊரில் கிரிஸ்டல் பேலஸ் என்று பெரிய பெயர் வைத்த சின்னக் கடையில் அடுப்பிலிருந்து சுடச்சுட எடுத்துத் தருவார்கள். கூடவே கண்ணாடி கிளாசில் திடமான பால் டீ. நம் டீக்கடைக்காரர் பார்த்தால் உறவு கொண்டாடுவார். பல கடைகளில் பஸ்திட்ஸி இன்றும் ஒரு யூரோவுக்குள். சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும்: மாவில் தடவியது மார்கரினா, பன்றிக்கொழுப்பா?

முயலுக்கு இம்ஜார் கிராமம். தீவை 1530 முதல் 1798 வரை ஆண்ட புனித யோவான் வீரத்துறவியர் முயல் வேட்டைக்குக் கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். தடுத்தது என்பதாலேயே அது மக்களின் விருந்தாயிற்று. ஃபென்காட்டா என்றால் நண்பர் கூட்டமாகப் போய் முயல் சாப்பிடுவது: முதலில் முயல் குழம்பில் புரட்டிய ஸ்பகெட்டி, பிறகு பூண்டும் ஒயினும் சேர்த்துச் சமைத்த முயல் இறைச்சி. ஊர் நடுவே மாதா கோயிலைப் பார்த்த கடைகளில் ஞாயிறு மதியம் உள்ளூர்க் குடும்பங்கள் சத்தமாக உட்கார்ந்திருக்கும். அந்தச் சத்தம் இல்லாத முயல் கடைக்குள் நான் நுழைய மாட்டேன்.

சிக்கனமாகச் சாப்பிட ‘கஸின்’ நல்லது. ஒவ்வோர் ஊரிலும் திருவிழாவுக்கு வாசிக்கும் பேண்டு வாத்தியக் குழுவுக்கு ஒரு மன்றம் உண்டு, அதில் ஒரு பார் உண்டு. சுவரில் பழைய வாத்தியக்காரர்களின் படம், மூலையில் சீட்டாடும் பெரியவர்கள். கசப்பு ஆரஞ்சில் செய்த கின்னி என்ற உள்ளூர் பானம் 1952-லிருந்து இருக்கிறது. அதையும் ஒரு ஹொப்ஸ் பிஸ்ஸெய்ட்டும் வாங்கினால் போதும்.

ரொட்டிக்குப் பக்கத்துத் தீவான கோசோவுக்குப் படகேற வேண்டும். நதூர் கிராமத்து பேக்கரிகளில் வட்டமான தட்டை மாவின்மேல் உருளைக்கிழங்கு வில்லை, பாலாடைக்கட்டி, நெத்திலி எல்லாம் அடுக்கிச் சுட்டுத் தரும் ஃப்திரா, அந்தப் பழைய ஞாயிற்றுத் தட்டுக்கு மிக நெருங்கியது. ஃப்திராவை 2020-இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. வெறும் பட்டியல் ரொட்டியை வேகவைக்காது என்பது வேறு விஷயம். கல்லடுப்புக்காரர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

மீனில்தான் ஏமாறுவதற்கு வாய்ப்பு அதிகம். படகின் முகப்பில் கண் வரைந்த மார்சஷ்லொக் துறைமுகத்து ஞாயிறு மீன் சந்தை ரொம்பப் பிரபலம். இன்று அங்கே மீன் கூடைகளைவிடப் பொம்மையும் மேசைவிரிப்பும் விற்கிற கடைகள் அதிகம். கடலோரக் கூண்டுகளில் கொழுக்கவைக்கும் பெரிய நீலத்துடுப்புச் சூரை பெரும்பாலும் ஜப்பானுக்குக் கப்பலேறுகிறது. உள்ளூர் ரொட்டிக்குள் இருக்கும் சூரை டப்பாவிலிருந்து வருகிறது. சந்தையின் கணக்கு இப்படித்தான் வேலை செய்கிறது.

ஆனால் லாம்புக்கி இன்னும் தீவின் மீன். மாஹி மாஹி என்று உலகம் சொல்வது. கோடை முடியும்போது பனையோலைக் கீற்றுகளை மிதவையில் கட்டி, சுண்ணாம்புக்கல்லை நங்கூரமாக இறக்கி, கரையிலிருந்து நடுக்கடல் நோக்கி வரிசையாக மிதக்கவிடுவார்கள். முன்பு மிதவை தக்கைப் பலகை, இப்போது பிளாஸ்டிக். வெயிலுக்கு அந்த ஓலை நிழலில் லாம்புக்கி ஒதுங்கும். படகு மெல்ல வந்து சுற்றி வலை போடும். தக்காளி, கேப்பர், ஆலிவ் சேர்த்த குழம்பாகவும், கீரையோடு மாவுக்குள் வைத்துச் சுட்ட பணியாரமாகவும் சாப்பிடலாம். இந்தப் பிடிப்பு தொடங்கும் நாள் ஆகஸ்ட் 15, முடிவது டிசம்பர் கடைசி. செப்டம்பரிலோ அக்டோபரிலோ போகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு லாம்புக்கி கேளுங்கள். ஜூன் மாதம் ‘இன்றைய புதிய லாம்புக்கி’ என்று பலகை மாட்டிய கடையைப் பார்த்தால் அடுத்த கடைக்கு நடங்கள். அது உறைபெட்டி மீன்.