பெருமாட்டி ஊராட்சி வழங்கிய உரிமம்

உள்ளாட்சித் தேர்தலில் சாலை, தெருவிளக்கு, குடிநீர்க் குழாய் ஆகியவை பற்றிய வாக்குறுதிகளுக்குக் குறைவிருப்பதில்லை. குழாய்க்கு நீர் தரும் நிலம் எந்நிலையில் உள்ளது என்று மட்டும் வேட்பாளரை எவரும் கேட்பதில்லை. அதற்கான விலை பிளாச்சிமடைக்குத் தெரியும்.

பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய பெருமாட்டி ஊராட்சியில் உள்ளது இவ்வூர். 2000-ஆம் ஆண்டு இங்கு கோக-கோலா ஆலைக்கு உரிமம் வழங்கியது அந்த ஊராட்சியேதான். கிணறுகள் வற்றின, எஞ்சிய நீரும் கெட்டது என்று கூறி ஆதிவாசிகள் 2002 ஏப்ரலில் ஆலை வாயிலில் போராட்டத்தைத் தொடங்கினர். மறு ஆண்டே உரிமத்தைப் புதுப்பிக்க ஊராட்சி மறுத்தது.

நிலத்தடி நீர் பொதுச்சொத்து என்று 2003 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். 2005-இல் டிவிஷன் பெஞ்ச், நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் வரை எடுக்க அனுமதித்தது! எனினும் 2004 மார்ச்சில் நின்ற ஆலை மீண்டும் இயங்கவில்லை. திறக்கும் எண்ணமில்லை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தில் நிறுவனம் தெரிவித்தது. பாதிப்பின் மதிப்பு சுமார் 216 கோடி ரூபாய் என்று உயர்நிலைக் குழு 2010-இல் கணக்கிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அமைக்க 2011-இல் சட்டப்பேரவை நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை.

தமிழர்கள் பெருமளவில் வாழும் இடுக்கி மாவட்டத்தின் மூணாறு, தேவிகுளம் பகுதிகளிலும் மலைச்சரிவுக் கட்டடங்களுக்கான அனுமதி ஊராட்சி அலுவலகத்தைக் கடந்தே செல்கிறது. அத்தகைய மனு வந்தால் எப்படி வாக்களிப்பீர்கள் என்று வேட்பாளரிடம் இப்போதே கேட்கலாம். வென்ற பின் அவர் வாசலுக்கு வரப்போவதில்லை.