உங்களுக்குத் தெரியுமா? கார்டின் தவிப்பும் தணிவும்

★ மூன்று சுரங்களுக்குக் குறையாமல் ஒன்றாக ஒலித்தால் அது கார்டு. சி, ஈ, ஜி சேர்ந்த சி மேஜரைக் கேட்டதும் காது நிறைவடைந்துவிடும். ஜி, பி, டி, எஃப் சேர்ந்த ஜி செவனைக் கேட்டால், அடுத்து ஏதோ வர வேண்டும் என்று தவிக்கும்.

★ தவிப்புக்கு முக்கியக் காரணம் பி, எஃப் ஜோடி. இரண்டுக்கும் நடுவே ஆறு அரைச்சுர தூரம், அதாவது ஒரு ஸ்தாயியில் சரிபாதி. இந்த இடைவெளிக்கு ‘டிரைடோன்’ என்று பெயர்.

★ தவிப்பு தணிய அரைச்சுர நகர்வே போதும். பி ஏறி சி ஆகும். எஃப் இறங்கி ஈ ஆகும். கர்நாடக இசை கற்றவர்களுக்கு இது எளிது: மேஜர் ஸ்கேலின் சுரங்கள்தான் 29ஆவது மேளகர்த்தாவான சங்கராபரணத்தின் சுரங்கள். சி-யை ஸட்ஜமாக வைத்தால், நி ஸ-வுக்கு ஏறுகிறது, ம க-வுக்கு இறங்குகிறது.

★ கிட்டாரில் இதை ஒற்றை விரலில் உணரலாம். ‘டி சஸ் ஃபோர்’ பிடித்து மீட்டுங்கள். முதல் தந்தியின் மூன்றாவது ஃப்ரெட்டிலிருந்து சுண்டுவிரலை எடுத்தால், இரண்டாவது ஃப்ரெட்டில் இருக்கும் விரல் பேசும். டி மேஜர் கிடைக்கும்.

★ ஜி செவனுக்குப் பிறகு சி மேஜரை எதிர்பார்க்கும் காதுக்கு ஏ மைனரைக் கொடுத்தால் அது ‘டிசெப்டிவ் கேடன்ஸ்’. சி, ஈ இரண்டும் ஏ மைனரிலும் இருப்பதால் தவிப்பு பாதி தணியும், பாதி நிற்கும். பாடலை முடிக்காமல் நீட்ட அருமையான வழி.

★ பீத்தோவனின் முதல் சிம்பொனி 1800இல் வியன்னாவில் அரங்கேறியது. சி மேஜரில் அமைந்த அந்தப் படைப்பின் முதல் கார்டே தவிக்கும் சி செவன். அது தணிவதோ எஃப் மேஜரில்!

★ 1865இல் மியூனிக்கில் அரங்கேறிய வாக்னரின் ‘டிரிஸ்டனும் இசோல்டேயும்’ ஓப்பராவில், தொடக்கத்தில் எழும் தவிப்பு முழுமையாகத் தணிவது ஏறத்தாழ நான்கு மணி நேரம் கழித்து, இறுதிக் கட்டத்தில்தான்.

★ ப்ளூஸ் பாடல்கள் செவன்த் கார்டிலேயே தொடங்கி, அதிலேயே முடிவதும் உண்டு. அங்கே அதுவே நிறைவு. தவிப்பைத் தீர்மானிப்பதில் சுரங்களோடு, கேட்டுப் பழகிய காதுக்கும் பங்கு உண்டு.

★ இன்றே செய்து பாருங்கள்: கீபோர்டில் பி, எஃப், ஜி மூன்றையும் சேர்த்து அழுத்தி நிறுத்துங்கள். அடுத்து வர வேண்டிய சுரத்தை முதலில் வாயால் முனகுங்கள். பிறகு சி, ஈ, ஜி அழுத்திச் சரிபாருங்கள். கார்டு அட்டவணையை மனப்பாடம் செய்யும் முன் எந்தச் சுரம் எங்கே நகர்கிறது என்று காதுக்குப் பழக்கினால், கேட்கும் பாட்டுக்குக் கார்டு கண்டுபிடிக்கும் திறமை தானாக வளரும்.