பனியனும் படைவீரரின் ஸ்வெட்டரும்

குமாரபாளையத்துத் துண்டு ஒன்றையும், வீட்டிலுள்ள பழைய பனியன் ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் அகலவாட்டில் இழுத்துப் பாருங்கள். துண்டு அதிகம் இடம் கொடுக்காது. பனியனோ நன்றாக விரிந்து, கையை விட்டதும் சுருங்கும். இரண்டும் பருத்தி நூல்தானே! பிறகு ஏன் இந்த வேறுபாடு?

சேலம், நாமக்கல் பக்கத்து மாணவர்களுக்குத் தறியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பாவு நூல்களின் குறுக்கே ஊடை நூல் ஓடித் துணியாகிறது. நூல்கள் ஏறக்குறைய நேராகக் கிடப்பதால் இழுத்தாலும் நீள்வதற்கு இடமில்லை. பனியனில் பாவும் இல்லை, ஊடையும் இல்லை. நூல் வளையம் வளையமாக மடிந்து, ஒரு வரிசை வளையங்களுக்குள் அடுத்த வரிசை கோக்கப்படுகிறது. இழுக்கும்போது வளையத்தின் வடிவம் மாறுகிறது, அவ்வளவுதான். திருப்பூரில் எந்திரம் செய்யும் இந்த வேலையை ஸ்வெட்டர் பின்னுகிறவர்கள் இரண்டு ஊசிகளால் செய்துவிடுகிறார்கள்!

வளையங்களுக்கிடையே காற்று தங்குகிறது. காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. அதனால்தான் குளிரில் போரிடும் வீரர்களுக்குக் கம்பளிப் பின்னலாடை தேவைப்பட்டது. 1962 அக்டோபரில் சீனப் போர் மூண்டபோது, நம் வீரர்கள் பலர் பருத்திச் சீருடையுடனேயே இமயமலையில் நின்றார்கள். ஜவான்களுக்காக நாட்டின் பல ஊர்களில் பெண்கள் ஸ்வெட்டர் பின்னி அனுப்பினார்கள்.

அந்தப் போரைப் பற்றி உங்கள் பள்ளியில் நாடகம் போடுவதாக வைத்துக்கொள்வோம். அக்காலத்து ஸ்வெட்டரைப் போலவே ஒன்று வேண்டும். எப்படிச் செய்வது? பழைய போர்க்காட்சிகளை நடித்துக் காட்டும் குழுக்கள் மேல்நாடுகளில் பல உண்டு. அவர்களுக்கு உடை செய்வோர் முதலில் லென்ஸை எடுத்து, பழைய ஆடையில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை வளையங்கள் என்று எண்ணுகிறார்கள். 6 என்றால், 40 அங்குல மார்புச் சுற்றளவுக்கு 240 வளையங்கள். தடித்த நூல் வாங்கிவிட்டால் அங்குலத்துக்கு 5 வளையங்கள்தான் அடங்கும். அதே 240 வளையங்கள் இப்போது 48 அங்குலமாகிவிடும். வீரர் ஸ்வெட்டருக்குள் தொலைந்துபோவார்!

நூலும் முக்கியம். கடையில் 'கம்பளி நூல்' என்று கேட்டால் பெரும்பாலும் அக்ரிலிக் நூலையே கொடுப்பார்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். ஆனால் தீப்பொறி பட்டால் கம்பளி கருகும். மயிர் பொசுங்கிய நாற்றம் வரும். அக்ரிலிக் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். திறந்தவெளியில் தீ மூட்டிச் சமைத்து நடிப்பவர்களுக்கு இது ஆபத்தல்லவா? (இதை ஆசிரியர் முன்னிலையில், சிறு நூல்துண்டை இடுக்கியால் பிடித்துச் சோதியுங்கள்.)

எல்லாவற்றிலும் வேடிக்கையானது பழங்காலத்துப் படைவீரர் தொப்பி. கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. வெந்நீரில் இட்டுக் கசக்கினால் செதில்கள் ஒன்றோடொன்று சிக்கி, துணி சுருங்கித் தடித்துவிடும். மழையும் காற்றும் எளிதில் உட்புகாமலிருக்க ஐரோப்பாவில் தொப்பிகளை வேண்டுமென்றே இப்படிச் சுருக்கினார்கள். ஆகவே அதைப் பார்த்துச் செய்பவரும் அளவைவிடப் பெரிதாகவே பின்ன வேண்டும். பின்னி முடித்த தொப்பியைத் தலையில் வைத்தால் கண்ணையும் காதையும் மூடித் தொங்கும். வெந்நீரில் கசக்கி உலர்த்திய பிறகுதான் அது தலைக்குப் பொருந்தும்.