பத்துமலைத் தைப்பூசம் பார்க்கப் போவோமா?

சித்திரை மாதம் வந்துவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் வீரபாண்டிக்குத் திரண்டு வரும். கௌமாரியம்மன் கோவிலில் எட்டு நாள் திருவிழா! தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று ஊர் ஊராக மக்கள் வந்து குவிவார்கள். முல்லையாற்றில் குளித்துவிட்டு, தீச்சட்டியும் ஆயிரங்கண் பானையும் ஏந்தி வருவார்கள்.

இதைப் போலவே வெளிநாட்டிலும் தெருவிழாக்கள் உண்டு. பிரேசில் நாட்டில் ரியோ என்ற நகரம் இருக்கிறது. கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்குவதற்கு முன் அங்கே ஆட்டமும் பாட்டும் அமர்க்களப்படும். அதைப் பார்க்கப் பல நாட்டு மக்கள் விமானம் ஏறிப் போகிறார்கள்.

வெளிநாட்டில் நம் தமிழ் மக்கள் நடத்தும் விழா ஒன்றும் அப்படி உலகப் புகழ் பெற்றிருக்கிறது. அதுதான் மலேசியாவின் பத்துமலைத் தைப்பூசம்!

"பத்து" மலைகளா?

இல்லை. மலாய் மொழியில் "பத்து" என்றால் கல். கோலாலம்பூர் நகரத்துக்கு வடக்கே சுண்ணாம்புக் கல் மலை ஒன்று உண்டு. அதன் குகைக்குள்ளே முருகன் கோவில் இருக்கிறது. அடிவாரத்தில் 140 அடி உயரமுள்ள முருகன் சிலை நிற்கிறது. 2006-ம் ஆண்டில் திறக்கப்பட்ட சிலை இது. மேலே ஏற 272 படிகள். 2018-ம் ஆண்டில் அவற்றுக்குப் பல வண்ணம் பூசினார்கள்.

யார் தொடங்கியது?

வெள்ளைக்காரர் ஆட்சியில் தமிழ்நாட்டிலிருந்து ஏராளமான ஏழை மக்கள் மலாயாவுக்குக் கப்பலேறினார்கள். தோட்டத்தில் கூலி வேலை. விடியும் முன்பே எழுந்து ரப்பர் மரத்தில் பால் வெட்ட வேண்டும். ஊரை மறுபடி பார்க்காமலே செத்துப்போனவர்கள் பலர்.

சொந்த ஊர் போயிற்று. உறவு போயிற்று. ஆனால் சாமியை அவர்கள் விடவில்லை!

1873-ம் ஆண்டில் தம்புசாமிப் பிள்ளை என்பவர் கோலாலம்பூரில் மகாமாரியம்மன் கோவிலை அமைத்தார். பத்துமலைக் குகையில் முருகன் வழிபாட்டைத் தொடங்கி வைத்தவரும் அவரே. 1892-ம் ஆண்டு முதல் அங்கே தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது.

இரவெல்லாம் தேர்

பூசத்துக்கு முன்னால் மாரியம்மன் கோவிலிலிருந்து வெள்ளித் தேர் புறப்படும். பத்துமலைக்குச் சுமார் 15 கிலோமீட்டர். வழியெல்லாம் கூட்டம். தேர் போய்ச் சேரப் பல மணி நேரம் ஆகும்.

பக்தர்கள் மலையடிவாரத்து ஆற்றில் குளிக்கிறார்கள். பிறகு பால்குடம் எடுக்கிறார்கள், காவடி தூக்குகிறார்கள், அலகு குத்திக்கொள்கிறார்கள். கைக்குழந்தையைக் கரும்புத் தொட்டிலில் சுமந்து வரும் தாய் தந்தையரும் உண்டு. தமிழர்கள் மட்டும் அல்ல, சீனர்களும் காவடி எடுக்கிறார்கள்!

எப்படிப் போவது?

தேனியிலிருந்து மதுரை வழியாகத் திருச்சிக்குப் பஸ்ஸில் போகலாம். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் உண்டு. சுமார் நான்கு மணி நேரப் பயணம்தான். கோலாலம்பூரிலிருந்து பத்துமலை அடிவாரம் வரை ரயில் போகிறது.

பாஸ்போர்ட்டை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். விசா விதி அடிக்கடி மாறும். டிக்கெட் வாங்கும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். தைப்பூசம் ஜனவரியிலோ பிப்ரவரியிலோ வரும். அந்த ஆண்டின் தேதியைப் பார்த்த பிறகே நாள் குறிக்க வேண்டும்.

கூட்டத்தில் குழந்தையின் கையை விடாதீர்கள். குழந்தையின் சட்டைப் பையில் பெயரும் போன் எண்ணும் எழுதிய சீட்டு ஒன்றை வைத்துவிடுங்கள். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் அடிவாரத்திலேயே கும்பிடலாம். படிகளில் குரங்குகள் உண்டு, பழப்பை பத்திரம்!

வேடிக்கை அல்ல

ரியோவில் ஆடுகிறவர்கள் பிறர் பார்த்து மகிழ ஆடுகிறார்கள். பத்துமலையில் காவடி எடுப்பவர் யார் பார்ப்பதற்காகவும் எடுக்கவில்லை. பிள்ளைக்கு நோய் தீர்ந்ததற்காக ஒருவர் எடுப்பார். வேலை கிடைத்ததற்காக இன்னொருவர் எடுப்பார். அது நேர்த்திக்கடன்.

ஆகையால் அலகு குத்தியவரின் முகத்துக்கு நேரே செல்போனை நீட்டாதீர்கள். வழிமறித்துப் படம் பிடிக்காதீர்கள். நம் வீட்டுப் பெண் வீரபாண்டியில் தீச்சட்டி ஏந்தி வரும்போது, முன்பின் தெரியாதவர் குறுக்கே வந்து படம் எடுத்தால் நமக்கு எப்படி இருக்கும்? அதை நினைத்துக்கொண்டால் போதும்.

ஒதுங்கி வழிவிடுங்கள். கைகூப்புங்கள். தாகம் என்பவருக்குத் தண்ணீர் கொடுங்கள். கடல் கடந்து போய் நம் சாமியைக் காப்பாற்றி வைத்த அந்த மக்களுக்கு நாம் செய்யும் மரியாதை அது.