பெட்டியில் இல்லாத காகிதம்

கைவிட்டபின் மக்கள் வருந்தும் பொருள்களுள் நகையும் நிலமும் முன்னிற்பது உலகியல்பு. பசறை, லுணுகலைத் தோட்டங்களில் முதியோர் வாயிலாக நான் மிகுதியும் கேட்டதோ ஒரு காகிதத்தைப் பற்றிய வருத்தம். பிறப்புப் பத்திரமாகலாம்; பழைய கூப்பன் புத்தகமாகலாம்.

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டப்படி இந்திய வம்சாவளியினர் இலங்கைக் குடியுரிமை பெற, 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன் மணமானவர் 7 ஆண்டும் ஏனையோர் 10 ஆண்டும் இங்கு இடையறாது வாழ்ந்ததை நிறுவுதல் வேண்டும். விண்ணப்பிக்க இரண்டாண்டே தவணை. அடுப்புப் புகையும் கூரை ஒழுக்கும் நிறைந்த லயக் காம்பிராவில் எத்தாள் பிழைத்திருக்கும்? பெயரும் வேலைநாளும் ஏறிய செக்ரோலோ தோட்டத்துக் காரியாலயத்தில் இருந்தது.

அசட்டையென்று இதனைச் சொல்லிவிடுவோர் உளர்; நான் உடன்படேன். அவர்தம் பாட்டன்மார் அறிந்த காகிதம் 'துண்டு'. தொழிலாளியின் கடனைக் குறித்து, அதனைத் தீர்ப்பவரிடம் அவரை விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுத்த சீட்டு அது. 1921இல் சட்டம் அதனை ஒழித்தது. ஆளைக் கடனோடு கட்டிய தாளைக் கண்டவர்க்கு, இன்னொரு தாள் உரிமை தரும் என்று எவர் சொன்னார்?

1964 ஒக்டோபர் 30ஆம் நாள் உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கிற்று. பதுளையில் புகைவண்டி ஏறித் தலைமன்னார் சென்றோர் கையில் அப்போது கடவுச்சீட்டு இருந்தது! எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வழி திறந்தது. அதுவும் அந்த 1964ஆம் ஆண்டுத் திகதி முதல் இங்கிருந்தோர்க்கும் அவர்தம் வழியினர்க்குமே.

ஹாலிஎலைப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த மூதாட்டியார் ஒருவர் மண்ணெண்ணெய்ச் சிட்டையையும் றங்குப்பெட்டியில் மடித்து வைக்கிறார்.