லினக்ஸ் வீட்டுக்கு எந்த இணைய இணைப்பு?

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு எடுக்கப் போகிறீர்கள். கணினியில் இருப்பது லினக்ஸ். வயர் இழுக்க வந்தவர் "லினக்ஸா? அதுல ஓடாதே சார்" என்றால் பயப்பட வேண்டுமா?

வேண்டாம். தொலைபேசிக் கம்பியில் இணையம் வந்த காலத்தில், யுஎஸ்பியில் செருகும் சில மோடம்களுக்கு விண்டோஸ் இயக்கி (கருவியையும் கணினியையும் பேசவைக்கும் மென்பொருள்) மட்டுமே தந்தார்கள். அந்தப் பேச்சு அப்போது வந்தது. இப்போது பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் ஃபைபர் மோடத்துக்குள்ளேயே போட்டுவிடுகிறார்கள். லேன் வயரைச் செருகினால் எந்தக் கணினிக்கும் இணையம் வரும்.

வொய்ஃபை மட்டும் வரவில்லையா? பெரும்பாலும் கணினிக்குள் இருக்கும் வொய்ஃபை சில்லுக்கு இயக்கி இல்லாததுதான் காரணம். லேன் வயர் வழியாகவே அதை இறக்கிக்கொள்ளலாம். இதற்காக நிறுவனத்தை மாற்ற வேண்டியதில்லை.

பிறகு எதைப் பார்த்து முடிவு செய்வது? பழுது பார்க்க யார், எவ்வளவு சீக்கிரம் வருவார் என்பதைத்தான். நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்கிறது. ஃபைபரோ போஸ்ட் போஸ்டாக, தென்னைக்கும் ரப்பருக்கும் நடுவே தொங்குகிறது. ஒரு மட்டை விழுந்தாலே அறுந்துபோகலாம். 2017 ஒக்கிப் புயலில் போஸ்டுகளே சாய்ந்தன. பிஎஸ்என்எல் இணைப்பைக்கூடப் பல இடங்களில் வீடுவரை கொண்டுவருவது உள்ளூர் கேபிள்காரர்தான். அதனால் விளம்பரத்தை விடுங்கள். உங்கள் தெருவில் அதே இணைப்பு வைத்திருப்பவரிடம், "போன மழையில எத்தனை நாள் இல்லாம கிடந்தது?" என்று கேளுங்கள். வேகத்தைவிட இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

மோடத்தில் 'எல்ஓஎஸ்' விளக்கு சிவப்பாக எரிகிறதா? ஒளி வந்து சேரவில்லை. வயர் எங்கோ அறுந்தோ மடங்கியோ இருக்கிறது. புகாரில் லினக்ஸ் பேச்சையே எடுக்காதீர்கள். "சிவப்பு எரியுது, போன்லயும் வரல" என்றால் போதும்.

வெளியூரிலிருந்து வீட்டுக் கணினிக்குள் நுழைய வேண்டுமா? பணம் கட்டுமுன்பே பொது ஐபி (இணையத்தில் உங்களுக்கென்று உள்ள முகவரி) கிடைக்குமா என்று கேளுங்கள். பல இணைப்புகளில் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிடுகிறார்கள். படம் பார்க்க, கோப்பு இறக்க அதனால் தடையில்லை. வெளியிலிருந்து மட்டும் நேரடியாக உள்ளே வர முடியாது. மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் வெளி முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் உங்களுடையது பங்கிட்ட முகவரி. நிலையான ஐபிக்குப் பெரும்பாலும் தனிக் கட்டணம் உண்டு. ஐபிவி6 (புதிய முகவரி முறை) தருகிறார்களா என்றும் கேளுங்கள். பல வேலைகளுக்கு அதுவே போதும்.

வேகம்? 40 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 5 எம்பி. 6 ஜிபி உபுண்டு கோப்பு சுமார் 20 நிமிடத்தில் இறங்கிவிடும். ஒரு சாதாரண வீட்டுக்கு இது தாராளம்.

ஆறு மாதம், ஒரு வருடம் சேர்த்துக் கட்டினால் சலுகை என்பார்கள். முதலில் மாதாமாதம் கட்டுங்கள். ஒரு மழைக்காலம் தாண்டட்டும்.