குற்றம் மரத்திலா, கத்தியிலா?

பலகையில் சில்லு சில்லாக வெட்டியெடுத்துச் சித்திரம் செதுக்கும் சிப் கார்விங்கில் உளிக்கும் சுத்திக்கும் வேலையில்லை. சுவிட்சர்லாந்து முறையில் குட்டை அலகுள்ள இரண்டு கத்திகள் போதும்; அதிலும் பெரும்பாலான வேலை ஒன்றிலேயே முடிந்துவிடும். பலகையில் முக்கோணம் வரைந்து, மூன்று பக்கமும் கத்தியைச் சாய்த்து அறுத்தால், வெட்டுகள் அடியில் ஒரே புள்ளியில் கூடிச் சில்லு தானாகக் கழன்று வரும். அந்தக் குழியின் சரிவுகளில் விழும் வெளிச்சமும் நிழலுமே சித்திரம். சரிவு பிசிறாக இருந்தால் சித்திரம் மங்கிப்போகும். புதிதாகக் கற்பவர்கள் இதற்கு மரத்தையோ கைப் பழக்கத்தையோ குறை சொல்கிறார்கள். முதலில் சந்தேகப்பட வேண்டியது கத்தியை என்பேன்.

மரம் என்பது வைக்கோல் கட்டுப்போல நீளவாக்கில் நெருங்கி நிற்கும் நுண்குழல்கள். கூரான விளிம்பு குறுக்கே வந்தால் குழல் அசையுமுன் அறுபடும். மழுங்கிய விளிம்போ அதை வளைத்து, நசுக்கி, பிறகுதான் பிய்க்கும். இதற்குச் சாட்சி வெட்டிலேயே இருக்கிறது: நல்ல வெட்டின் முகம் மினுங்கும், மோசமான வெட்டு வெளுத்துச் சொரசொரக்கும். முகம் நெடுக மெல்லிய கோடு ஓடினால், விளிம்பில் எங்கோ பொக்கை விழுந்திருக்கிறது. 'கைமுடியை மழிக்கும் அளவு கூர் இருக்கிறதே' என்பார்கள். அது போதாது: முடி மெல்லியது, மரத்துக்குள்ளோ அலகு ஆழமாக இறங்குகிறது. விளிம்புக்குப் பின்னால் அலகு தடித்திருந்தால் அது ஆப்பாக மாறி மரத்தைப் பிளக்கும். ஆகவே கத்தியைக் கல்லில் நன்றாகப் படியவைத்து, ஏறத்தாழ 10 டிகிரி சாய்வில் தீட்ட வேண்டும். நுண்மையான பீங்கான் கல்லிலும் தோல்வாரிலும் தேய்த்துப் பிசிறை எடுக்க வேண்டும். வாரில் தூக்கிப்பிடித்துத் தேய்த்தால் விளிம்பு உருண்டு, தீட்டியதெல்லாம் வீணாகும்.

மரத்துக்குப் பங்கே இல்லையா? உண்டு. ஓக் மரத்தின் பெரிய துளைகள் வெட்டைக் கெடுக்கும் என்பதால்தான் ஐரோப்பியர் லிண்டனையும் அமெரிக்கர் பாஸ்வுட்டையும் நாடுகிறார்கள். இரண்டும் டிலியா பேரினத்து மரங்கள். மிகக் காய்ந்த பாஸ்வுட் நொறுங்கும். மேற்பரப்பை லேசாக ஈரப்படுத்தினால் அடங்கும். ஆனால் மழுங்கிய கத்தி லிண்டனையும் கிழிக்கும். உப்புத்தாள் போட்டுச் சரிசெய்துகொள்ளலாம் என்ற எண்ணம் வேண்டாம்: முகடுகள் மழுங்கி நிழல் கலையும், மரத்தில் தங்கும் மணல்துகள் அடுத்த வெட்டில் விளிம்பைத் தின்னும்.

வேலையைத் தொடங்குமுன் துண்டுப் பலகையில் இழைக்குக் குறுக்கே ஒரு வெட்டுப் போட்டு வெளிச்சத்தில் பாருங்கள். மினுங்கவில்லையென்றால் மறுபடி தோல்வாருக்குப் போங்கள்.